மீன் அப்புறம், முதலில் மாடு

அன்புள்ள மருமகனுக்கு,

மிசௌலாவுக்குப் படிக்கப் போனவன் படிப்பைப் பற்றி எழுதுவாய் என்று பார்த்தால், சினிமா பார்த்துவிட்டு ஆற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். போகட்டும். ராபர்ட் ரெட்ஃபோர்டின் 1992 படத்தில் பிளாக்ஃபுட் ஆறு என்று நீ வாய்பிளந்து பார்த்ததில் பெரும்பகுதி மொன்டானாவின் வேறு ஆறுகள். அசல் ஆறு அப்போது படமெடுக்கும் லட்சணத்தில் இல்லை. 1975-இல் மைக் ஹார்ஸ் சுரங்கத்தின் கழிவணை உடைந்து நச்சுக் கழிவு அதன் தலைப்பகுதியிலேயே இறங்கியிருந்தது. மரம் வெட்டியும் மாடு மிதித்தும் மிச்சமும் கெட்டது.

"தூண்டில்காரர்கள் சேர்ந்து காப்பாற்றிவிட்டார்களாமே?" எவனப்பா சொன்னான்? அவர்களுக்கும் பங்குண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஆற்றில் இருக்கும் புல் டிரௌட் என்ற மீன் முட்டையிட இலையுதிர்காலத்தில் குளிர்ந்த சிற்றோடைகளுக்கு ஏறிப்போகும். சரளைக்கல்லைத் தோண்டி அதற்குள் இடும். அந்த ஓடைகளில் பல, மாட்டுப் பண்ணைகளுக்குள் ஓடுகின்றன. மாடு கரையை மிதித்தால் வண்டல் இறங்கிக் கல்லிடுக்கை அடைக்கும். முட்டைக்கு மூச்சு முட்டும். கரையோரப் புதர் போனால் தண்ணீர் சூடேறும். வாய்க்கால் தலைப்பில் சல்லடை இல்லாவிட்டால் குஞ்சுகள் நேரே வயலுக்குப் போய்ச் சாகும். இத்தனையும் அடுத்தவர் வேலிக்குள் நடக்கிற சங்கதி. நீ ஆற்றங்கரையில் பதாகை பிடித்து என்ன ஆகப்போகிறது?

அதனால்தான் 1993-இல் 'பிளாக்ஃபுட் சேலஞ்ச்' அமைப்பில் பண்ணைக்காரர்களும் அதிகாரிகளும் மீன் பிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒத்துப்போகும் 80 விழுக்காட்டை முதலில் பார்ப்போம், முட்டிக்கொள்ளும் 20 பிறகு என்பது அவர்கள் கணக்கு. ஆரம்பத்தில் எடுத்துக்கொண்டவற்றில் களைச்செடியும் ஒன்று. களைக்கு வக்காலத்து வாங்க யார் வருவார்? "சண்டையைத் தள்ளிப்போடுவது கோழைத்தனம்" என்பாய். உன் வயசு அப்படி. களை பிடுங்கிப் பழகியவர்கள்தான் பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள்.

வறட்சியில் ஓட்டம் விநாடிக்கு 700 கன அடிக்குக் கீழே இறங்கினால் பண்ணைக்காரர்கள் பாசனத்தைக் குறைப்பார்கள். தூண்டில்காரர்களும் வெயில் சுடுகிற நேரத்தில் ஒதுங்கிக்கொள்வார்கள். "சட்டத்துக்குப் பயந்திருப்பார்கள்" என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. பாதி சரி. மாநில மீன்வளத் துறைக்கு ஆற்றோட்டத்தின் மேல் உரிமை உண்டு. அதற்குப் பிந்திய உரிமைக்காரர்களின் வாய்க்காலை அடைக்கச் சொல்லலாம். ஆனால் அதற்கு மூத்த உரிமைக்காரர்களை அந்த உரிமையால் அசைக்க முடியாது. அவர்களிலும் சிலர் சேர்ந்தார்களே, அதற்கென்ன சொல்கிறாய்?

அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓவாண்டோ ஊர்ப்பக்கம் போனால் பண்ணைக்காரரிடம் தீவனப்புல் விளைச்சலை விசாரி. எடுத்த எடுப்பில் மீன் பேச்சு வேண்டாம். உன் தூண்டிலில் புல் டிரௌட் மாட்டினால் மரியாதையாகத் தண்ணீரிலேயே விட்டுவிடு. 1998 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் மீன் அது. தூக்கிப்பிடித்துப் படமெடுக்கிற வேலையெல்லாம் கூடாது. படம் அனுப்பியே ஆகவேண்டுமென்றால், வாய்க்கால் தலைப்பில் சல்லடையை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று எடுத்து அனுப்பு.

உன் மாமா