முன் டிஃபரன்ஷியல் மூச்சுவழியில் எண்ணெய்க் கசிவு

ஃபோர் வீல் டிரைவ் டிரக்குகளில், இன்ஜினின் விசையை இரு முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் பல்சக்கரப் பெட்டியே முன் டிஃபரன்ஷியல். ஓட்டத்தில் அது சூடேறும்போது உள்ளே விரிவடையும் காற்று வெளியேறுவதற்காக, அதன் மேற்புறத்தில் பிரீதர் எனப்படும் சிறு மூச்சுவழி அமைந்திருக்கும். அதன் வழியே எண்ணெய் கசிவதாகத் தோன்றினால், பவர் ஸ்டீயரிங் போன்ற வேறிடத்து எண்ணெய் மேலிருந்து சொட்டவில்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கியர் ஆயிலை அதன் கந்தக நெடியே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பெட்டி ஆறியபின் ஃபில்லர் பிளக்கைத் திறந்து பார்த்தால், பெரும்பாலான மாடல்களில் எண்ணெய் துளையின் கீழ்விளிம்பளவே நிற்க வேண்டும்; வழிந்தோடினால் அளவுக்கு மிஞ்சி நிரப்பப்பட்டிருக்கலாம், அல்லது, இதுவே கவலைக்குரியது, தண்ணீர் புகுந்திருக்கலாம். ஓடையைக் கடக்கும் வண்டியின் சூடான பெட்டி சட்டெனக் குளிரும்போது உள்ளழுத்தம் குறைந்து, மூச்சுவழியோ தேய்ந்த ஆயில் சீலோ நீரை உள்ளிழுத்துக்கொள்கிறது. விரலில் தொட்டெடுத்த எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் அதற்கு வேறு சான்று தேவையில்லை. பேரிங்குகள் துருப்பிடிக்கும் முன்பே அதை முழுவதும் வடித்து, கையேடு குறிப்பிடும் தரத்திலான புதிய எண்ணெயை நிரப்ப வேண்டும்.

மட்டமும் நிறமும் சரியாக இருந்தும் கசிவு நீடித்தால், எண்ணெய் நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாத எண்ணெயால் அது நேரக்கூடும். மூச்சுவழி சேற்றால் அடைபட்டிருந்தால், உள்ளழுத்தம் எண்ணெயை ஆக்ஸில் சீல்கள் வழியே தள்ளும் என்பதால், சீலை மாற்றுவதற்கு முன் பிரீதர் குழாயில் காற்று தடையின்றிச் செல்கிறதா எனச் சோதிப்பது அவசியம்.