இப்பத்தான்னா எத்தனை மணி?

மேலகரம்
ஆடி 5

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ பேசியதில் பாதி கொட்டாவி. குற்றாலச் சீசன் நேரத்துக் கேஷுவல்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். நர்ஸுகளான நமக்கு, ஐந்தருவிப் பாறையில் வழுக்கி மணிக்கட்டை ஒடித்துக்கொண்டவர், குடித்துவிட்டு அருவிக்குப் போய் மண்டையை உடைத்துக்கொண்டவர், ஈரத்துணியோடு வெடவெடவென்று நிற்கும் அவர்கள் வீட்டு ஆட்கள். "நாள் முழுக்க எழுத்துத்தான் பெரியம்மா, நோயாளியப் பாக்கவே நேரமில்ல" என்றாய். அந்தப் பேச்சுக்குத்தான் இந்தக் கடிதம். எழுதுவது ஒரு வேலை, பார்ப்பது ஒரு வேலை என்று நினைக்கிறாய். நானும் அப்படி நினைத்துப் பட்டவள்தான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். விடியக்காலையில் புல்லறுக்கப் போன ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்காலில் விரியன் கடி, முழங்காலுக்கு மேலே சேலைக்கரையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தது. நீ பாடத்தில் படித்ததுதான்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம், இருபது நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும், பிறகு ஒரே தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, மருந்து ஏற்றியாக வேண்டும். ரத்தம் எடுத்தது நான். குழாயை ஜன்னல் திட்டில் நிறுத்தியதும் நான். மணியை எழுதவில்லை. அதற்குள் டூட்டி மாறிவிட்டது. பொறுப்பெடுக்க வந்த சிஸ்டர் கேட்டார்கள்.

"எப்ப எடுத்தது?"

"இப்பத்தான் சிஸ்டர்."

"இப்பத்தான்னா எத்தனை மணி?"

எனக்கு வாய் வரவில்லை. பத்து நிமிஷமா, இருபத்தைந்தா? சந்தேகத்தோடு அவர்கள் குழாயைச் சாய்த்தார்கள். ஓடியது. விஷத்தால் ஓடியதா, நேரம் ஆகாததால் ஓடியதா? வேறு குழாய், மறுபடி ரத்தம், மறுபடி இருபது நிமிஷம். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீர் குறைந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டயாலிசிஸ் வரைக்கும் போனது. அந்த இருபது நிமிஷத்தால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு குழாயில் பிளாஸ்டர் ஒட்டி, அதில் மணி எழுதிவிட்டுத்தான் எனக்கு அடுத்த வேலை.

வீட்டில் காய்ச்சலென்றால் ஒருத்தியே கூட இருந்து பார்த்துவிடலாம். ஆஸ்பத்திரியில் அது நடக்காது. சீட்டுப் போடுகிறவர், கேஷுவல்டி டாக்டர், லேப், வார்டு, மூன்று டூட்டி சிஸ்டர்கள் என்று நோயாளி கை மாறிக்கொண்டே போகிறார். கூடவே போவது கேஸ் ஷீட். நீ வீட்டில் தூங்கும்போதும் அவர் தலைமாட்டில் நிற்கிறது உன் கையெழுத்து.

இன்னொன்று. கேஸ் ஷீட் இங்கிலீஷில் ஓடுகிறது, நோயாளி தமிழில் வருகிறார். 'கிடினஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வந்தவர்களில் ஒருத்தர் 'சுத்துது' என்றிருப்பார், ஒருத்தர் 'கண்ண இருட்டிக்கிட்டு வருது' என்றிருப்பார், ஒருத்தர் 'நடந்தா ஒரு பக்கமாத் தள்ளுது' என்றிருப்பார். முதலாமவருக்குப் பெரும்பாலும் காதில் கோளாறு. இரண்டாமவருக்குப் பிரஷரையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். மூன்றாமவருக்கு மூளையில் கோளாறோ என்று யோசிக்காமல் விடக்கூடாது. அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுது. டாக்டர் சத்தம் போட்டால் என் பேரைச் சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்திய சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர், தமிழைப் படித்து, தமிழிலேயே டாக்டர்களுக்குப் பாடம் நடத்தி, மருத்துவப் புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்தார். நமக்கு நோயாளியின் ஒரு வார்த்தையைத் தமிழில் எழுதக் கூச்சமாக இருக்கிறது!

எழுதி என்ன ஆகப்போகிறது என்கிறாயா? நம் மாநிலத்தில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால், வலி எப்போது கண்டது, யார் முதலில் பார்த்தது, வண்டி எப்போது வந்தது, ரத்தம் கையில் இருந்ததா என்று வீட்டிலிருந்து வார்டு வரைக்கும் கேட்டு எழுதுகிறார்கள். 2007–09இல் லட்சம் குழந்தைகள் பிறந்தால் 97 தாய்மார் இறந்தார்கள், 2018–20இல் 54. 108 வண்டி, இரவிலும் நர்ஸ் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் என்று காரணம் பல. ஆனால் எங்கே தாமதம் என்று காட்டிக்கொடுத்தவை அந்தக் காகிதங்கள் என்பது என் கட்சி.

இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எழுதுவது. உனக்கென்று ஒரு நோட்டு வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கு நீ போயிருக்கிறாய். அதை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சங்கத்துக்கு அவர் வைத்தது சாமி பேர் இல்லை, தன்னை ராணுவ ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பேர். அந்த டாக்டர் கட்டிலருகே நின்று என்ன சொன்னார் என்று எழுத எந்தக் கேஸ் ஷீட்டிலும் கட்டம் கிடையாது. அப்படிப்பட்டதை நோட்டில் எழுது. போன வாரம் அரளி விதை கேஸைப் பற்றிச் சொல்லும்போது உனக்குக் குரல் கம்மியதே, அதையும் எழுது. நான் எழுதாமல் வைத்திருந்ததெல்லாம் வீட்டில் கோபமாக வந்தது. உன் பெரியப்பாவைக் கேள்.

பேர், ஊர், படுக்கை நம்பர் எதுவும் அதில் வேண்டாம். நீ வேலை பார்க்கும் தென்காசி சின்ன ஊர். 'இலஞ்சிக்காரர், வாழைக்காய் வியாபாரம்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் கட்டுப் போட்ட கை ஒன்றுகூட வரக்கூடாது. அழகாக எழுதவும் பிரயாசைப்படாதே. குற்றாலத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதியே பேர் வாங்கியவர் ரசிகமணி டி.கே.சி. அவர் எழுத்து பேச்சு மாதிரி இருக்கும். உனக்குப் பேசவா தெரியாது?

தம்பியிடம் ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் கொடுத்து விட்டிருக்கிறேன். பேனாவை நூல் போட்டுக் கட்டிக்கொள், வார்டில் பேனா தங்காது. சீசன் கூட்டம் குறைந்ததும் ஒரு நாள் லீவு போட்டு வா. வரும்போது நோட்டையும் எடுத்து வா. பிரித்துப் படிக்க மாட்டேன். எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன்.

பெரியம்மா