மண்ணடி மெட்ரோவுக்கு எந்த ஷூ?

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. பார்ட்டி வந்தால் நான்தான் முன்னால் நின்று பேச வேண்டும் என்பதால் கூர்மூக்கு வைத்த இரண்டரை இன்ச் ஹீல்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீடு திரும்பும்போது பாதத்தின் முன்பக்கம் தீயாய் எரியும். போன மாதம் ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு மாறினேன். "என்ன, பி.டி. டீச்சர் வேலையும் பார்க்கிறீங்களா?" என்று ஆபீஸில் கிண்டல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போது காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது. நல்ல ஷூ போட்டும் ஏன் இப்படி? இன்னொன்று, நான் ஒதுக்கிய கட்ஷூக்களை அம்மா எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அவருக்குப் 12 வருஷமாகச் சுகர். பரவாயில்லையா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பரவாயில்லை இல்லை. இன்றைக்கே அந்தக் கட்ஷூக்களை அம்மாவிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் கால் எரிகிறது, அதனால் ஷூ சரியில்லை என்று உங்களுக்குத் தெரிகிறது. பல வருஷம் சுகர் இருந்தவர்களுக்குப் பாதத்து நரம்பு மெல்ல மரத்துப்போகும். கடித்தாலும் தெரியாது, உள்ளே சின்னக் கல் கிடந்தாலும் தெரியாது. அதோடு, நீங்கள் மிதித்து மிதித்துப் பள்ளமான அடித்தளம் உங்கள் காலுக்குத்தான் பொருந்தும். அம்மாவின் எடை அதில் வேறு இடத்தில் போய் விழும். அங்கே காய்ப்பு விழும், காய்ப்புக்கு அடியில் புண் வரும். மேலே தோல் முரட்டுத்தனமாக இருப்பதால் அந்தப் புண் வெளியே தெரிய நாளாகும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையில், இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறிய 241 பேரை 9 மாதம் கவனித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். கெட்டியான அட்டை அடித்தளம் வைத்த செருப்பு போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடி புண். மைக்ரோசெல்லுலர் ரப்பர், அதாவது கடையில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டால் கொடுப்பார்களே, அதைப் போட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான். ஆகவே அம்மாவுக்குப் பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்க்கட்டும். ராத்திரி படுக்கும் முன் நீங்களே அவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். எம்.வி.யிலோ ஸ்டான்லி மருத்துவமனையிலோ ஒருமுறை பாத உணர்ச்சியைச் சோதித்துவிடுவது நல்லது. ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வலிக்காது.

இனி உங்கள் கால். காலையில் முதல் அடி வைத்ததும் குத்தி, நாலு நடை நடந்ததும் குறைகிறது என்றால், அது பெரும்பாலும் உள்ளங்காலில் குதிகால் முதல் விரல் வரை ஓடும் தசைநார்ப் பட்டையின் வலி. ஸ்போர்ட்ஸ் ஷூவை மட்டும் குறை சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் ஹீல்ஸ் போட்டால் குதிகால் தூக்கியே இருப்பதால் கெண்டைக்கால் தசையும் அதன் நாரும் இறுகிப்போகும். ஒரே நாளில் தட்டையான ஷூவுக்கு மாறினால் அந்த இறுகிய தசை குதிகாலைப் பின்னாலிருந்து இழுக்கும். அந்த இழுப்பைத்தான் பாதத்து நார் தாங்குகிறது. படிப்படியாக மாறியிருக்க வேண்டும் – முதலில் ஒன்றரை இன்ச், பிறகு ஒரு இன்ச் என்று. இப்போதும் அப்படியே செய்யலாம். படுக்கையை விட்டு இறங்கும் முன் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை மடக்காமல், விரல்களை உங்கள் பக்கம் இழுத்து அரை நிமிஷம் வைத்திருங்கள். மூன்று முறை போதும். வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், சமையல் செய்யும்போது முக்கியமாக.

முன்பாதம் எரிவதற்குக் காரணம் வேறு. ஹீல் உயர உயர உடம்புப் பாரம் முன்னால் சரியும். சரிகிற இடமோ கூம்பு மாதிரி குறுகிய மூக்கு. என்னைக் கேட்டால் உயரத்தைவிட அந்தக் குறுகல்தான் பெரிய வில்லன். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021–22இல் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை ஸ்கேன் செய்து அளந்தது. வெள்ளைக்காரர்களின் பாதத்தைவிட நம் பாதம் அகலம் என்று தெரிந்தது. கடையில் விற்பதோ அவர்கள் சைஸ். அகலம் பற்றவில்லை என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம். நீளம் மிஞ்சிப்போய், நடக்கும்போது கால் முன்னால் வழுக்கி விரல் இடிக்கிறது.

சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தத் தாளின் மேல் ஷூவை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை. ஸ்போர்ட்ஸ் ஷூவையும் இதே மாதிரி சோதியுங்கள், கையால் மடக்கியும் பாருங்கள். பஞ்சு மாதிரி இருக்கிறது என்று மயங்கி வாங்குகிற மலிவு ரகங்கள் சில நடுவிலேயே பாய் சுருட்டுவது போல மடங்கும். விரல் மடங்கும் இடத்தில் மட்டும்தான் மடங்க வேண்டும்.

ஆபீஸுக்கு அகலமான மூக்கு, ஒன்றேகால் இன்ச் வரை தடிமனான பிளாக் ஹீல், கணுக்காலைச் சுற்றி ஒரு ஸ்ட்ராப் – இது கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். ஸ்ட்ராப் இருந்தால் செருப்பு கழன்றுவிடாமலிருக்க விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. தட்டையான மெல்லிய பாலே ஷூவைச் சிலர் வசதி என்று நினைக்கிறார்கள். குதிகால் வலிக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது.

வழிக்கு மட்டும் ஸ்போர்ட்ஸ் ஷூ. 1980 ஏப்ரலில் நியூயார்க்கில் பஸ்ஸும் சுரங்க ரயிலும் 11 நாள் ஸ்டிரைக்கில் நின்றபோது, ஆபீஸ் பெண்கள் ஸ்கர்ட்டுக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டி நடந்தார்கள். ஸ்டிரைக் முடிந்த பிறகும் பல பேர் விடவில்லை. நமக்கு 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டேஷன் படிக்கட்டு, டி.எச். ரோடு நடைபாதை, மண்ணடிச் சந்துக் கூட்டம் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் பிளாக் ஹீல்ஸை ஆபீஸ் டிராயரில் வைத்துவிட்டு, பார்ட்டி வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணூர், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டுக்கு அனுப்பினால் இந்த இரண்டுமே கூடாது. முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த சேஃப்டி ஷூ, அதுவும் உங்கள் சைஸில், கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். ஆண்கள் சைஸில் பஞ்சு திணித்துப் போடுவது ஆபத்து.

நம் கடற்கரைக் காற்றில் ஷூ காய்வதே இல்லை, அதனால் பருத்தி சாக்ஸ் கட்டாயம். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்.

முன்னால் நின்று பேசுகிற வேலை என்கிறீர்கள். நாற்காலி இருக்கிறதா? 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். எம்.சி. ரோடு துணிக்கடைப் பெண்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்து வந்த சட்டம், உங்களுக்கும் உதவும். எந்த ஷூ போட்டாலும் எட்டு மணி நேரம் நின்றால் கால் வலிக்கத்தான் செய்யும்.

ஆறு வாரம் இப்படிச் செய்தும் குதிகால் வலி குறையவில்லை என்றாலோ, மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையில் மரத்துப்போய் மின்சாரம் தொட்டது போல் இழுத்தாலோ, எலும்பு மருத்துவரை நேரில் பாருங்கள். போகும்போது அந்தக் கூர்மூக்கு ஹீல்ஸையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். தேய்ந்த அடித்தளத்தைப் பார்த்தால் அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.