பொம்மை கார் எட்டு மடங்கு வளர்ந்தால் ஓடுமா?

லெகோ டெக்னிக் வரிசையில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பெட்டியில் 3,599 துண்டுகள் இருந்தன. பொறுமையாகப் பூட்டி முடித்தால் ஏறக்குறைய 56 சென்டிமீட்டர் நீளமுள்ள நீல நிற ‘புகாட்டி ஷிரோன்’ கார் கிடைக்கும். உண்மையான ஷிரோன் உலகின் மிக வேகமான கார்களில் ஒன்று. அதன் நீளம் 4.5 மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது பொம்மை 1:8 என்ற விகிதத்தில் செய்யப்பட்டது.

மேசைமேல் இருக்கும் இந்தச் சிறிய காரை எட்டு மடங்கு பெரிதாக்கினால் அது உண்மையான கார்போல் ஓடுமா? பொம்மை எதைச் சரியாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இந்தக் கேள்வி காட்டிவிடும்.

பொம்மை சொல்லும் உண்மை

பொம்மையைத் தள்ளினால் சக்கரங்கள் சுழல்கின்றன. அந்தச் சுழற்சி அச்சுகள் வழியாக இயந்திரத்துக்குச் சென்று 16 பிஸ்டன்களையும் மேலும் கீழும் அசைக்கிறது. நடுவில் 8 வேக கியர்பெட்டி உள்ளது. (உண்மையான காரில் 7 வேகம்தான்.) கியர்பெட்டி வேலைசெய்யும் அடிப்படை இரண்டிலும் ஒன்றே.

அந்த அடிப்படை பற்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. 8 பல் கொண்ட பற்சக்கரம் 24 பல் கொண்டதைச் சுழற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறியது மூன்று சுற்று சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்று சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் திருப்பும் வலிமை, அதாவது முறுக்குவிசை, மூன்று மடங்காகிறது. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம். இரண்டையும் சேர்த்து இலவசமாகப் பெற முடியாது. உராய்வு வேறு கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

இந்தப் பற்சக்கரங்கள் எப்படித் துல்லியமாகப் பொருந்துகின்றன? டெக்னிக் துண்டுகளில் ஓர் ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் இடையே 8 மில்லிமீட்டர் இடைவெளி. 8 பல் சக்கரத்தின் ஆரம் 4 மி.மீ., 24 பல் சக்கரத்தின் ஆரம் 12 மி.மீ. (பற்கள் கோத்துக்கொள்ளும் வட்டம்வரை அளந்தால்). இரண்டையும் கூட்டினால் 16 மி.மீ. வருகிறது, அது சரியாக இரண்டு ஓட்டை இடைவெளி. 16 பல் சக்கரங்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்தாலும் 8 + 8 = 16 மி.மீ. வரும். பொம்மை பூட்டுபவர் அளவுகோல் எடுக்க வேண்டியதில்லை, கணக்கைத் துண்டுகளே போட்டுவைத்திருக்கின்றன.

ஆகவே பற்களின் விகிதம், சுழலும் திசை, ஒரு பாகம் அசைந்தால் இன்னொன்று எப்படி அசையும் என்பதெல்லாம் அளவைச் சார்ந்தவை அல்ல. பொம்மையில் கற்றது காருக்கும் பொருந்தும்.

லட்டுக் கணக்கு

விசையும் எடையும் அப்படியல்ல. காருக்கு முன் ஒரு லட்டைப் பார்ப்போம். சிராங்கூன் சாலை இனிப்புக் கடையில் ஒரு சிறிய லட்டும், அதைப்போல இரண்டு மடங்கு விட்டமுள்ள பெரிய லட்டும் இருக்கின்றன. பெரிய லட்டை முழுதும் மூட எவ்வளவு வெள்ளித்தாள் வேண்டும்? 2 × 2 = 4 மடங்கு. அதைப் பிடிக்க எவ்வளவு பூந்தி வேண்டும்? 2 × 2 × 2 = 8 மடங்கு. பரப்பு வர்க்கமாகக் கூடுகிறது, கன அளவும் எடையும் கனமாகக் கூடுகின்றன.

இப்போது காருக்கு வருவோம். நீளம் 8 மடங்கானால் பரப்பு 64 மடங்கு, எடை 512 மடங்கு. ஓர் அச்சு தாங்கும் சுமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அந்தப் பரப்பு 64 மடங்குதான் கூடும், அதன்மேல் ஏறும் எடையோ 512 மடங்கு கூடும். எனவே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் முன்பைவிட 8 மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். பொம்மையில் கம்பீரமாக நின்ற பிளாஸ்டிக் அச்சு, பெரிய காரில் வளைந்தோ முறிந்தோ போகலாம்.

இதை முதலில் விளக்கி எழுதியவர்களில் ஒருவர் கலிலியோ. 1638இல் வெளியான தம் நூலில் பெரிய விலங்குகளின் எலும்பு ஏன் அளவுக்கு மீறித் தடிமனாக இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். எறும்பின் கால் நூல்போல மெலிந்தும் யானையின் கால் தூண்போலப் பருத்தும் இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

உண்மையிலேயே செய்து பார்த்தார்கள்

அதே 2018ஆம் ஆண்டு லெகோ நிறுவனத்தின் பொறியாளர்கள் செக் குடியரசில் முழு அளவு ஷிரோன் ஒன்றைக் கட்டினார்கள். ஒரு மில்லியனுக்கும் அதிகமான டெக்னிக் துண்டுகள் பயன்பட்டன. துண்டுகளை ஒட்ட பசை பயன்படுத்தவில்லை. சக்கரங்கள், டயர்கள் போன்ற சில பாகங்கள் மட்டும் உண்மையான காரினுடையவை. 13,000 மணி நேரத்துக்கும் மேலான மனித உழைப்பு தேவைப்பட்டது.

சிறிய பொம்மையை அப்படியே பெரிதாக்கியிருந்தால் 3,599 × 512, அதாவது 1.8 மில்லியனுக்கும் அதிகமான துண்டுகள் தேவைப்பட்டிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பெரிய காருக்கென்றே புதிதாக வடிவமைத்தார்கள்.

காரை ஓட்டியது பெட்ரோல் இயந்திரம் அல்ல. பொம்மைகளில் வரும் 2,304 சிறிய மின்மோட்டார்களும் 4,032 பற்சக்கரங்களும் சேர்ந்து ஓட்டின. அவை தந்த மொத்தத் திறன் சுமார் 5.3 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட். கணக்குப் போட்டால் ஒரு மோட்டாரின் பங்கு 1.7 வாட்தான். உண்மையான ஷிரோனின் திறன் ஏறத்தாழ 1,500 குதிரைத்திறன். அதனோடு ஒப்பிட்டால் இது சுமார் 280இல் ஒரு பங்குதான். நம் சாலைகளில் உணவு கொண்டுசெல்லும் 125 சிசி மோட்டார் சைக்கிளுக்கு இதைவிட அதிகத் திறன் உண்டு. ஆனால் இந்த லெகோ காரின் எடை 1,500 கிலோகிராம்!

அப்படியும் அது ஓடியது. ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தளத்தில் பந்தய ஓட்டுநர் ஆண்டி வாலஸ் அதில் அமர்ந்து மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான வேகத்தில் ஓட்டினார். பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டியதால்தான் அது சாத்தியமானது. நமது மரினா பே பந்தயத் தடத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 4.9 கிலோமீட்டர். ஃபார்முலா 1 கார் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் அதை முடிக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும்.

திறனைக் கூட்டுவதா, எடையைக் குறைப்பதா?

எடை கன விகிதத்தில் ஏறுகிறது என்றால், பொறியாளர் முதலில் எடையோடுதான் மோத வேண்டும். சிங்கப்பூர் மாணவர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய ‘என்வி8’ என்ற மின்சாரக் கார், 2015இல் மணிலாவில் நடந்த எரிபொருள் சிக்கனப் போட்டிக்காகச் செய்யப்பட்டது. அதன் உடல் முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவான சுமார் 150 பாகங்களால் ஆனது. அவற்றைத் தாங்கியது லேசான, வலுவான கார்பன் இழைக் கூடு. பாகங்களைத் தேனடைபோல உள்ளே வெற்றிடம் விட்டு அச்சிட்டதால் வலிமை குறையாமல் எடை குறைந்தது.

துண்டு துண்டாகச் செய்து பூட்டுவது லெகோவில் பழகிய வேலைதான். ஆனால் என்வி8இல் ஒவ்வொரு துண்டும் அந்தக் காரின் அளவுக்கும் அதன்மேல் வரும் சுமைக்கும் ஏற்ப வடிவமைக்கப்பட்டது. பொம்மைக்கும் பொறியியலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

செய்து பாருங்கள்

8 பல், 24 பல் சக்கரங்களில் மூன்று ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் சிறியது பெரியதைச் சுழற்றட்டும், பெரியதன் அச்சிலேயே அடுத்த ஜோடியின் சிறிய சக்கரம் இருக்கட்டும். முதல் அச்சை 27 முறை சுற்றினால் கடைசி அச்சு ஒருமுறை சுற்றும். கடைசி அச்சை விரலால் நிறுத்தப் பாருங்கள், எளிதில் நிற்காது. இப்போது கடைசி அச்சிலிருந்து முதல் அச்சைச் சுழற்றுங்கள். வேகம் 27 மடங்கு, ஆனால் முதல் அச்சில் விரல் பட்டாலே போதும், எல்லாம் நின்றுவிடும்.

சிந்தியுங்கள்

1. 8 பல் சக்கரமும் 40 பல் சக்கரமும் கோத்துக்கொள்ள எத்தனை ஓட்டை இடைவெளி வேண்டும்?
2. 1:16 பொம்மையை அதே பொருள்களால் முழு அளவுக்குப் பெரிதாக்கினால் எடை எத்தனை மடங்காகும்?
3. ஒரு மேசையின் எடை 8 மடங்காகிறது. காலின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் பழைய சுமையையே தாங்க, காலின் விட்டம் எத்தனை மடங்காக வேண்டும்?

விடைகள்: 1. மூன்று (4 + 20 = 24 மி.மீ.). 2. 4,096 மடங்கு. 3. சுமார் 2.8 மடங்கு (பரப்பு 8 மடங்காக வேண்டும், 8இன் வர்க்கமூலம் சுமார் 2.8).