கடைசி இருநூறு மீட்டருக்கு வருகிற பிள்ளைகளுக்கு

தம்பி, தங்கச்சி, சைக்கிள் பந்தய அணியோடு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் உங்கள் கனவெல்லாம் கடைசி இருநூறு மீட்டரிலேயே நிற்கிறது. அதற்கு முன்னால் கிடக்கிற இருநூறு கிலோமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1. ஆய்வகத்தில் உன் உடல்திறனை அளந்து தரும் எண்ணைப் பார்த்து மனசு தளர்ந்துவிடாதே. மேன் தீவிலிருந்து வந்த மார்க் கேவண்டிஷ், சைக்கிளுக்குப் பணம் சேர்க்க ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். பரிசோதனைச் சைக்கிளில் அவர் எண்கள் சாதாரணம்தான். ஆனால் கூட்டத்துக்குள் சந்து திறப்பது அவர் கண்ணுக்கு முதலில் தெரியும். முகம் முன்சக்கரத்துக்கு மேலே வரும்படி குனிந்து ஓட்டி, காற்றுக்கு உடம்பையே காட்ட மாட்டார். டூர் டி பிரான்ஸில் 35 கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வென்றது அந்த உடம்புதான்.

2. முதல் பெரிய பந்தயம் உன்னை அடிக்கும், அடிக்கட்டும். 2007 டூரின் முதல் கட்டத்திலேயே கேன்டர்பரி போகும் வழியில் கேவண்டிஷ் விழுந்தார். எட்டாம் கட்டத்தில், ஆல்ப்ஸில், பந்தயத்தை விட்டே இறங்கினார். அதே ஆண்டு மற்ற பந்தயங்களில் 11 வெற்றி. மறு ஆண்டு டூரில் நான்கு கட்டங்கள். சின்னப் பந்தயங்களில் ஜெயித்துப் பழகியது வீணாகவில்லை.

3. கடைசிப் பாய்ச்சலில் ஜெயிக்கிற ஸ்ப்ரிண்டருக்கு மலை ஏறத் தெரியாவிட்டால் மறுநாள் பந்தயம் கிடையாது. வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டி ஒரு கெடு வைப்பார்கள், தாண்டினால் வீட்டுக்குத்தான். பின்தங்கியவர்களின் கூட்டத்தோடு ஒட்டிக்கொள். முதல் ஏற்றத்தில் வீரம் காட்டாதே, பசிக்கும் முன்னே சாப்பிடு. 2022 டூரில், பெய்ரகூட் ஏற்றத்தில் ஃபாபியோ யாகோப்சன் சில விநாடிகள் மீதமிருக்கத்தான் கோட்டைத் தொட்டார். அணித் தோழர்கள் கோட்டருகே காத்து நின்று, கத்திக் கத்தி அவரை மேலே இழுத்தார்கள். அந்த டூரில் அவர் ஏற்கெனவே ஒரு கட்டம் வென்றிருந்தவர். எனக்கு அந்த வெற்றியைவிட இந்த ஏற்றம்தான் பெரிதாகத் தெரிகிறது.

4. உனக்காகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறவரை மதி. கேவண்டிஷுக்கு மார்க் ரென்ஷா இருந்தார். உனக்கு முன்னால் அப்படிப் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் உன் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கலாம். எதிர்காற்றென்றால் பொறுத்துக் கிளம்பு, பின்காற்றென்றால் முந்திக் கிளம்பு. ஜெயித்தால் முதல் அணைப்பு அவருக்கு.

5. கோட்டைத் தாண்டாமல் கை தூக்காதே. 2004 மிலான்–சான் ரெமோவில், ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓட்டி வந்து, எரிக் ட்சாபெல் கை தூக்கினார். பக்கத்திலிருந்த ஆஸ்கர் ஃப்ரெய்ரே சைக்கிளை முன்னே எறிந்தார்; பந்தயம் அவருக்கு. எறிவதையும் பழக வேண்டும். முழங்கை நேராகட்டும், இடுப்பு சீட்டுக்குப் பின்னால் போகட்டும், ஹேண்டில்பாரை முன்னே தள்ளு.

6. உன் தடத்தை விட்டு விலகாதே. இதை மட்டும் நூறு முறை சொல்வேன். 2020 ஆகஸ்டில் போலந்தின் கட்டோவிட்ஸேயில், இறக்கத்தில் வைத்த முடிவுக்கோட்டில், டிலன் க்ரோனவேகன் பக்கவாட்டில் சாய்ந்தார். யாகோப்சன் தடுப்பில் மோதிப் பறந்தார். மருத்துவர்கள் அவரைச் செயற்கைக் கோமாவில் வைத்தார்கள். பற்கள் போயின, முகத்தை மறுபடி சீரமைக்க வேண்டியிருந்தது. க்ரோனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. மறு ஆண்டே யாகோப்சன் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் மூன்று கட்டங்கள் வென்றார். திரும்பி வந்தாரே என்று ஆறுதல் கொள்ளாதே. ஓர் அடி விலகல் இன்னொருவர் முகத்தை எடுக்கும்.

7. நீ விழுகிற நாளும் வரும். எலும்பும் தலையும் சரியா என்று டாக்டர் பார்த்த பிறகு, புண்ணில் ஒட்டிய மண்ணை அன்றிரவே கழுவிவிடு. எரியும், பல்லைக் கடித்துக்கொள். கட்டு நனைந்து படுக்கை விரிப்பு தோலோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் வெடுக்கென்று இழுக்காதே. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஓரத்திலிருந்து மெல்லப் பிரி.