போல்ட்டின் தலையைப் படிக்கத் தெரிய வேண்டும்

கடையில் போல்ட் வாங்கும்போது பருமனும் நீளமும் சொல்கிறோம், மரை பொருந்துகிறதா என்று நட்டைப் போட்டுப் பார்க்கிறோம். வலிமையை மட்டும் கேட்பதில்லை. அது தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது: 4.6, 8.8, 10.9, 12.9.

அந்தப் புள்ளிக்கு இருபுறமும் உள்ளவை இரண்டு தனித்தனி எண்கள். முதல் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு ஏறத்தாழ எத்தனை கிலோ இழுவையில் அறும் என்பது கிடைக்கும், 8.8-க்கு 80 கிலோ. இரண்டாவது எண், அந்த எல்லையில் பத்தில் எத்தனை பங்கு வரை போல்ட் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பதைச் சொல்கிறது. அதைத் தாண்டினால் உடனே அறாது, ஆனால் நீண்டது நீண்டதுதான். பிடிப்பு தளர்ந்துவிடும்.

12 மி.மீ. போல்ட்டின் மரைப் பகுதியில் விசை தாங்கும் பரப்பு 84.3 ச.மி.மீ. அதில் 8.8 ரகம் 5.5 டன் வரை தாங்கி, சுமார் 6.8 டன்னில் அறும். 4.6 ரகமோ 2 டன்னிலேயே நிரந்தரமாக நீண்டுவிடும். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் 5 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட அறுகோணத் தலை போல்ட்டுகளில் ரக எண்ணும் தயாரிப்பாளர் குறியும் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 1367 கேட்கிறது. மொட்டைத் தலை போல்ட்டை பிரேக்கிலோ, பளு தூக்கும் கொக்கியிலோ தயவுசெய்து போடாதீர்கள். அமெரிக்க இயந்திரங்களின் அங்குல போல்ட்டுகளில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்கும். மூன்று கோடு ஏறத்தாழ 8.8, ஆறு கோடு ஏறத்தாழ 10.9.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பலம் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம், 8.8 தாங்கும் இழுவையில் சுமார் 70 சதவீதத்திலேயே நீளத் தொடங்கும். அதன் பெருமை துருப்பிடிக்காததில்தான். நட்டையும் மறக்க வேண்டாம்: 8.8 போல்ட்டுக்குக் குறைந்தது 8 என்று பொறித்த நட்டு வேண்டும். இல்லாவிட்டால் நட்டின் மரை உரிந்துகொண்டு வரும்.

"அப்படியானால் எங்கும் 12.9 போட்டுவிடலாமே?" கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இணைப்பைப் பிடித்து நிறுத்துவது, முறுக்கும்போது போல்ட் சற்றே நீண்டு உண்டாக்கும் இறுக்கம். எல்லா ரக எஃகும் ஒரே விசைக்கு ஒரே அளவுதான் நீளும். பழைய அளவு முறுக்கிலேயே 12.9-ஐ இறுக்கினால் கூடுதல் பிடிப்பு எதுவும் கிடைக்காது, காசுதான் வீண். இன்னொரு ஆபத்தும் உண்டு. இவ்வளவு கடினமான எஃகுக்கு மின்முறையில் துத்தநாகப் பூச்சு கொடுக்கும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து தங்கலாம். அத்தகைய போல்ட் இறுக்கிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ தலையடியில் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் துண்டாகும். கருப்பு நிற ஆலன் போல்ட்டுகள் பெரும்பாலும் 12.9. வெள்ளைப் பூச்சோடு 12.9 கிடைத்தால் யோசித்து வாங்குங்கள்.

விவசாயக் கருவிகளில் சரியான ரகம் இன்னும் முக்கியம். டிராக்டரில் மாட்டும் குழி தோண்டும் கருவியின் ஷியர் போல்ட், கல்லில் மாட்டினால் தான் அறுந்து கியர் பாக்ஸைக் காப்பதற்காகவே குறைந்த வலிமையில் வைக்கப்படுகிறது. அடிக்கடி அறுகிறதே என்று வலிமை கூடிய டென்சில் போல்ட் மாட்டினால் அடுத்து உடைவது கியர்தான். கையேட்டில் சொன்ன ரகத்தையே வாங்குங்கள்.

சுவரில் அலமாரி மாட்ட ஜிப்சம் ஸ்க்ரூவைப் பயன்படுத்துவதும் தவறு. அது கடினமாக்கப்பட்டது, ஆனால் வளையாமல் பட்டென்று முறியும்.

கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடலாமா என்று சந்தேகம் வந்தால், அதே அளவுப் புதிய போல்ட்டின் மரையோடு மரை பொருந்த ஒட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் எங்காவது ஒளிக்கீற்று தெரிந்தால் பழையது நீண்டுவிட்டது. அதைப் பழைய இரும்பில் போட்டுவிடுங்கள்.