சீமையத்திப் போத்துகளை வீட்டினுள் வேர்பிடிக்கச் செய்தல்

மழை குறைந்த புனே மாவட்டத்துப் புரந்தர் வட்டத்தின் அத்திப்பழம் 2016-ல் புவிசார் குறியீடு பெற்றது. எரியோடு போன்ற வறண்ட ஊர்களில் சீமையத்தி வைக்க விரும்பும் குடியானவர்கள் ஒன்றை முதலில் அறிதல் வேண்டும். போத்து துளிர்த்ததனால் வேர்விட்டதென்று கொள்ளலாகாது. முதல் இலைகள் தண்டில் சேர்ந்துள்ள உணவினாலேயே விரிகின்றன. வேரில்லாத போத்து வெப்பக்காற்றில் விரைவில் உலரும். ஆகையால் தாழ்வாரத்திலோ வெளிச்சமுள்ள அறையிலோ வைத்தல் நலம்.

ஓராண்டு முதிர்ந்த, விரற்பருமனுள்ள கிளையை 8 முதல் 10 அங்குல நீளமாகக் கணுவிற்குச் சற்றுக் கீழே நறுக்கி, பால் உலர ஒரு நாள் நிழலில் வைக்கவும். அடியில் துவாரமுள்ள தொட்டியில் கழுவிய ஆற்றுமணல் 2 பங்கும் மக்கிய இலையுரம் 1 பங்கும் இட்டு, மூன்றில் இரண்டு பாகம் புதையுமாறு நடுக. விரலை ஓரங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரமில்லாவிடில் மட்டும் நீர் விடவும்.

நேரும் இடையூறுகள்:

1. இலை வாடல்: மண் ஈரமாயிருக்கையில் இலை வாடினால் மேலும் நீர் வார்த்தல் கேடு. பெரிய இலைகளைக் கிள்ளி, காற்றடியாத நிழலில் வைக்கவும்.

2. அடி கறுத்தல்: இது நீர் மிகுதியால் வரும் அழுகல். நகத்தாற் கீறி, மேற்பாகம் உள்ளே பச்சையாயிருப்பின், கறுத்ததை அறவே நறுக்கிவிட்டுப் புதுமணலில் நடலாம்.

3. பூசணம்: துடைத்துவிட்டுக் காற்றோட்டம் தருக.

வேர்விட ஒரு மாதத்திற்கு மேலும் ஆகலாம். இடையில் பிடுங்கிப் பார்த்தால் இளவேர் முறியும். புதிய இலைகள் தளராமல் தொடர்ந்து விரிந்த பின்னரே சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, ஐப்பசி மழையில் நிலத்தில் நடுக.